மலைக்கு எந்தச் சோதனை? ஃப்ளூ வைரஸ் ரகங்களை ஒப்பிடும் மூன்று வழிகள்

கொரோனா காலத்தில் வாங்கிய ஆர்டிபிசிஆர் இயந்திரங்கள் இன்று மலை மாவட்டங்களிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. மூக்குச் சளியை எடுத்துக் கொடுத்தால் அன்று மாலைக்குள் ‘இன்ஃப்ளூயன்சா ஏ, எச்3என்2’ என்று தாளில் வந்துவிடும். நோயாளிக்கு மருந்து எழுத அது போதும். அதற்கு மேல் ஒரு கேள்வி இருக்கிறது. இது போன வருடம் வந்த அதே எச்3என்2தானா? இந்த வருடத் தடுப்பூசி போட்டுக்கொண்டவரின் உடம்பு இதை அடையாளம் கண்டுகொள்ளுமா? பிசிஆர் அதில் வாயைத் திறக்காது. வைரஸை வைரஸோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

ஒப்பிட முக்கியமாக மூன்று வழிகள். ஒன்று, ரத்தச் சிவப்பணுக்களை வைத்துச் செய்யும் எச்ஐ சோதனை. முழுப்பெயர் ஹீமக்ளூட்டினேஷன் இன்ஹிபிஷன். இரண்டு, உயிருள்ள செல்களின் மேல் வைரஸை விட்டு, சீரம், அதாவது ரத்தத்திலிருந்து செல்களை நீக்கிப் பிரித்தெடுத்த தெளிநீர், அதை அடக்குகிறதா என்று பார்க்கும் நியூட்ரலைசேஷன். மூன்று, வைரஸின் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிக்கும் சீக்வென்சிங். மூன்றுக்கும் பணமும் ஆளும் இருக்கிற பெரிய நிலையங்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது. ஊட்டி, குன்னூர் மாதிரி ஊரில், ஒரு மைக்ரோபயாலஜி துறையும் இரண்டு மூன்று டெக்னீஷியன்களும் மட்டும் இருக்கிற இடத்தில் எதை முதலில் தொடங்குவது என்பதுதான் இங்கே பேச்சு. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீக்வென்சிங் முதலில். எச்ஐ அதற்குப் பிறகு, அதுவும் எல்லா ரகத்துக்கும் அல்ல. நியூட்ரலைசேஷனை மலையில் தொடங்கவே வேண்டாம். வைரஸைப் பெட்டியில் கட்டி அனுப்பினால் போதும்.

இதைச் சொன்னால் குன்னூர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. 1907இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையம் என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு நாய்க்கடி ஊசிதான் நினைவுக்கு வரும். 1950களில் இந்திய அரசின் இன்ஃப்ளூயன்சா மையமும் அங்கேதான் இயங்கியது. 1957 மே மாத நடுவில் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கப்பல் வழியாக ‘ஆசிய ஃப்ளூ’ இந்தியாவுக்குள் நுழைந்து, சில மாதங்களில் நாடு முழுக்கப் பரவியது. அந்தக் கொள்ளைநோயின் இந்தியக் கதையை 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் விரிவாக எழுதியவர் குன்னூர் மையத்தின் ஐ.ஜி.கே. மேனன். மரபணுவைப் படிக்கும் கருவி எதுவும் இல்லாத காலம் அது. கோழி முட்டையில் வைரஸை வளர்ப்பார்கள், சிவப்பணுவோடு சேர்ப்பார்கள், கையில் இருக்கிற பழைய சீரங்களை ஒவ்வொன்றாக விட்டுப் பார்ப்பார்கள். அதுவரை தெரிந்த ஏ வகை வைரஸ்களுக்கு எதிரான சீரம் எதுவும் இதை நிறுத்தவில்லை. ‘இது முற்றிலும் புதிது’ என்று உலகம் தெரிந்துகொண்டது அப்படித்தான். பின்னால் அதற்கு எச்2என்2 என்று பெயர் வந்தது.

‘அன்றைக்கு முட்டையையும் ரத்தத்தையும் வைத்துக்கொண்டு செய்ததை இன்றைக்குச் செய்ய முடியாதா?’ என்று கேட்டால், செய்யலாம். ஆனால் அன்றைய வைரஸ் சொன்ன பேச்சைக் கேட்டது. இன்றைய எச்3என்2 கேட்பதில்லை.

எச்ஐ நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். ஃப்ளூ வைரஸின் மேல்புறம் முழுக்க ஹீமக்ளூட்டினின் என்ற புரதம் முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். நம் மூச்சுக்குழாய்ச் செல்லை வைரஸ் பற்றிக்கொள்வது இதைக் கொண்டுதான். இதே பிடி சிவப்பணுவின் மேலும் விழும். வைரஸ் ஒரே நேரத்தில் பல சிவப்பணுக்களைப் பற்றுவதால் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். 1941இல் ஜார்ஜ் ஹிர்ஸ்ட் கவனித்துச் சொன்னது இதைத்தான். 96 குழிகள் உள்ள பிளேட்டில் சிவப்பணுவை மட்டும் விட்டால் அது அடியில் இறங்கிச் சிவப்புப் பட்டனாக உட்காரும். வைரஸும் இருந்தால் பட்டன் விழாது. குழி முழுக்க மெல்லிய செம்படலமாக நிற்கும். வைரஸோடு பொருத்தமான ஆன்டிபாடி, அதாவது உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம், உள்ள சீரத்தை முன்கூட்டியே கலந்து வைத்திருந்தால், ஆன்டிபாடி அந்த முட்களை மூடிவிடும், பட்டன் மறுபடி விழும். சீரத்தை 1:10, 1:20, 1:40 என்று இரட்டிப்பாக நீர்க்க வைத்துக்கொண்டே போய், பட்டன் விழுந்த கடைசிக் குழியின் எண்ணை எழுதுகிறோம். அதுதான் டைட்டர்.

பட்டன் விழுந்ததா இல்லையா என்று மேலிருந்து பார்த்தால் ஏமாந்துவிடுவோம். கோழி, வான்கோழிச் சிவப்பணு என்றால் பிளேட்டைச் செங்குத்தாகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். உண்மையான பட்டன் கண்ணீர்த்துளி வடிவில் கீழ்நோக்கி ஒழுகும்; வைரஸ் பிடித்து வைத்திருப்பது ஒழுகாது. எல்லாக் குழியிலும் ஒழுக்கு ஒரே வேகத்தில் இருக்கிறதா என்று சீரம் இல்லாத சிவப்பணுக் கன்ட்ரோலோடு ஒப்பிட வேண்டும். கண் பழக மாதக்கணக்காகும். பழகிய டெக்னீஷியன் இடமாற்றலில் போய்விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சீரம் எங்கிருந்து வருகிறது? நீர்நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த ஃபெரட் என்ற சின்னப் பிராணியிடமிருந்து. மனிதருக்கு வரும் ஃப்ளூ அதற்கும் வரும், நம்மைப் போலவே தும்மும். ஃப்ளூவையே கண்டிராத ஃபெரட்டுக்கு ஒரே ஒரு ரகத்தை மட்டும் கொடுத்து, சில வாரம் கழித்து எடுக்கிற சீரம் அந்த ரகத்தைக் கூர்மையாக அடையாளம் காட்டும். மனித சீரத்தில் ஆயுள் முழுக்கப் பிடித்த ஃப்ளூக்களின் ஆன்டிபாடிகள் எல்லாம் கலந்து கிடக்கும். அந்தக் கூர்மை அதில் கிடைக்காது. தடுப்பூசி ரகத்துக்கு எதிரான ஃபெரட் சீரம் அதன் சொந்த வைரஸோடு 1280 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர் வைரஸோடு 640 காட்டினால் கவலையில்லை. இரண்டு மடங்கு வித்தியாசம் ஒரே வைரஸை இருமுறை செய்தாலே வரும். 160க்கோ அதற்குக் கீழோ இறங்கினால், அதாவது எட்டு மடங்கோ அதற்கு மேலோ குறைந்தால், விலகிப்போன ரகம் என்று எழுதுவது வழக்கம். நடுவில் 320 என்று வருகிறதே, அதுதான் தலைவலி. அதை வைத்து யாரும் எதையும் முடிவு செய்யக்கூடாது. திரும்பச் செய்ய வேண்டும்.

இவ்வளவு தொல்லை இருந்தும் எச்ஐக்கு மரியாதை போகாததற்குக் காரணம், அது நேரடியான கேள்வியைக் கேட்கிறது. 2009இல் வந்த பன்றிக் காய்ச்சல் வைரஸின் பெயரும் எச்1என்1, அதற்கு முந்தைய வருடங்களில் சுற்றிக்கொண்டிருந்த சாதாரண ஃப்ளூவின் பெயரும் எச்1என்1. பெயரை வைத்துப் பார்த்தால் பழைய ஆசாமி. பழைய எச்1என்1க்கு எதிரான ஃபெரட் சீரத்தைப் போட்டுப் பார்த்தால் அது இதைத் தொடவே இல்லை. அதே நேரத்தில் வயதானவர்கள் பலரின் சீரம் இதைப் பிடித்தது. சின்ன வயதில் வேறொரு பழைய எச்1என்1ஐப் பார்த்த உடம்புகள் அவை. இந்த இரண்டு செய்திகளையும் வெறும் எழுத்து வரிசையிலிருந்து நம்பிக்கையோடு சொல்லியிருக்க முடியாது.

குன்னூர் தேயிலை ஏலத்தில் டேஸ்டர் தூளைக் கொதிநீரில் போட்டு, உறிஞ்சித் துப்பிப் பார்த்துவிட்டுத்தான் மதிப்புச் சொல்வார். தோட்டம், கிரேடு, தேதி எல்லாம் தாளில் எவ்வளவு விரிவாக இருந்தாலும் சரி. எச்ஐயும் நியூட்ரலைசேஷனும் உறிஞ்சிப் பார்ப்பது. சீக்வென்சிங் தாளைப் படிப்பது. அப்படியிருந்தும் தாளை முதலில் வைக்கச் சொல்கிறேன் என்றால் அதற்கு மலையும் ஒரு காரணம், எச்3என்2 ஒரு காரணம்.

மலையை முதலில் எடுத்துக்கொள்வோம். எச்ஐ நெறிமுறையில் ‘அறை வெப்பநிலையில் வைக்கவும்’ என்று எழுதியிருக்கும். எழுதியவர் மனதில் இருந்தது 22 முதல் 25 டிகிரி. டிசம்பர் காலையில் ஊட்டியில் ஹீட்டர் இல்லாத ஆய்வக மேசை அதில் பாதி அளவுக்கு இறங்கிவிடும். “மேடம், வைரஸே போடாத கன்ட்ரோல்லயும் பட்டன் விழல” என்று டெக்னீஷியன் வந்து நிற்பார். வைரஸின் மேலும் தப்பில்லை, அவர் மேலும் தப்பில்லை. மனித சீரத்தைச் சோதிக்கும்போது வரும் தொல்லை இது; அதில் குளிரில் மட்டும் வேலை செய்யும் ஆன்டிபாடிகள் இருக்கும். அவை ஓ பிரிவுச் சிவப்பணுக்களைத் தாமே திரட்டிவிடும். சீரத்தை முன்கூட்டியே கெட்டியான சிவப்பணுக்களோடு கலந்து அந்த ஆன்டிபாடிகளை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும், மேசையையும் சூடாக வைத்திருக்க வேண்டும். இதெல்லாம் செய்யக்கூடியதே. ஆனால் எச்ஐ என்பது நான்கு காசுக்கு நடக்கும் எளிய சோதனை என்ற பேச்சு இங்கே கொஞ்சம் அடிபடுகிறது.

சிவப்பணுவிலும் கணக்கு உண்டு. கோழி, வான்கோழியின் சிவப்பணுவில் உட்கரு இருக்கும். கனம் அதிகம், அரை மணியில் இறங்கிவிடும், அடி கூம்பிய பிளேட் வேண்டும். கினிப்பன்றியுடையதும் மனித ஓ பிரிவும் மெதுவானவை, ஒரு மணி நேரம் ஆகும், அடி உருண்ட பிளேட் வேண்டும். இப்போது மனிதர்களிடம் சுற்றும் ஃப்ளூ ரகங்கள் கோழிச் சிவப்பணுவை அவ்வளவாக மதிப்பதில்லை. எந்தச் சிவப்பணுவாக இருந்தாலும் நாள் ஆக ஆகச் சிதையத் தொடங்கும்; புதிதாக வேண்டும். வான்கோழி ரத்தத்துக்கு மலையில் எங்கே போவது? ஓ பிரிவு ரத்தம் ரத்த வங்கியில் கிடைக்கும். நடைமுறையில் அதுதான் கை கொடுக்கும். இவை தவிர, ஒவ்வொரு சீரத்தையும் ஆர்டிஇ என்ற நொதியோடு 37 டிகிரியில் ஓர் இரவு வைத்து, மறுநாள் 56 டிகிரியில் அரை மணி சூடாக்க வேண்டும். சீரத்தில் இயல்பாகவே இருக்கும் சில பொருட்கள் ஆன்டிபாடி மாதிரி நடித்து வைரஸை மறைக்கும். அவற்றை அழிக்கத்தான் இந்த இரவு. இரவில் கரண்ட் போனால் அந்த சீரங்கள் போச்சு.

இனி எச்3என்2. 2014க்குப் பிறகு பரவிய எச்3என்2 குழுக்களில் பல, வான்கோழி, கினிப்பன்றிச் சிவப்பணுக்களைத் திரட்டுவதையே ஏறக்குறைய விட்டுவிட்டன. திரட்டாத வைரஸை வைத்து எச்ஐ செய்ய முடியாது. தடுப்பதற்கு அங்கே ஏதாவது நடந்தால்தானே? இன்னும் மோசம், சில வைரஸ்கள் ஆய்வகச் செல்லில் வளரும்போது நியூராமினிடேஸ் என்ற வேறொரு புரதத்தில் மாற்றம் அடைந்து, அதன் மூலம் சிவப்பணுவைப் பிடிக்கக் கற்றுக்கொள்கின்றன. பிளேட்டில் திரட்சி தெரியும், ஆனால் அது ஹீமக்ளூட்டினினால் வந்ததல்ல. அந்தப் பிளேட்டில் படிக்கும் டைட்டருக்கு அர்த்தமே இல்லை. அதனால் எச்3என்2 எச்ஐயில் ஒசெல்டமிவிர் என்ற ஃப்ளூ மருந்தின் செயல்வடிவத்தைச் சேர்த்து நியூராமினிடேஸின் கையைக் கட்டிப்போட்டுவிட்டுச் செய்கிறார்கள். கையைக் கட்டிய பிறகு பல வைரஸ்களில் திரட்சியே மிஞ்சுவதில்லை. சுற்றி வளைத்து, தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்போம்.

எச்1என்1க்கும் பி வகை ஃப்ளூவுக்கும் இந்தத் தொல்லை இல்லை. எச்ஐ இன்னும் நன்றாகவே ஓடுகிறது.

எச்3என்2க்குப் பெரிய நிலையங்கள் நம்புவது நியூட்ரலைசேஷனை. இதில் சிவப்பணுவே கிடையாது. நீர்த்த சீரத்தோடு, பாதிச் செல் குழிகளைத் தொற்ற வைக்கும் அளவைப் போல 100 மடங்கு வைரஸைக் கலந்து, ஒரு மணி நேரம் 37 டிகிரியில் வைத்து, எம்டிசிகே என்ற நாய்ச் சிறுநீரகச் செல்களின் மேல் விடுவார்கள். எச்3என்2க்கு அதிலும் ‘சியாட்’ என்ற வகை நல்லது. மனித மூச்சுக்குழாயில் உள்ள பிடிமானச் சர்க்கரையை அதிகமாகத் தாங்கும்படி மாற்றிய செல் அது. மறுநாள் எந்தக் குழியில் வைரஸின் உட்புரதம் பெருகியிருக்கிறது என்று நிறம் காட்டிக் கண்டுபிடிப்பார்கள். ஆன்டிபாடி வைரஸைச் செல்லுக்குள் நுழையவிடாமல் தடுத்ததா என்பதே விடை. உடம்பில் நடப்பதற்கு எச்ஐயை விட இது நெருக்கமானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முறைகளுக்குப் பரிசு கொடுக்கச் சொன்னால் இதற்குத்தான் கொடுப்பேன்.

மலையில் வேண்டாம் என்பதற்குக் காரணம் காற்று. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் சென்னையில் இருப்பதில் முக்கால் பங்குதான். செல் வளர்க்கும் இன்குபேட்டரில் 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு வைக்கச் சொல்வது செல் மிதக்கும் திரவத்தின் காரத்தன்மையைச் சரியாக வைக்க. முக்கால் பங்கு அழுத்தத்தில் அதே 5 சதவீதம் போதாது, ஏறக்குறைய 6.5 வைத்தால்தான் சமவெளியின் 5க்குச் சமம். தெரியாமல் 5இல் விட்டால் திரவத்தின் சிவப்பு ஊதா பக்கம் சாயும், செல்கள் சோர்ந்துபோகும், டைட்டர் வாரத்துக்கு வாரம் ஆடும். ஆட்டோகிளேவுக்கும் இதே கதி. முள் 15 பவுண்டு காட்டினால் உள்ளே 121 டிகிரி என்று பாடப்புத்தகத்தில் இருப்பது கடற்கரைக் கணக்கு. ஊட்டியில் அதே 15இல் 117 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும், 18.5 வரை ஏற்ற வேண்டும். வெப்பத்தை நேரடியாக அளந்து ஓடும் புதிய இயந்திரமாக இருந்தால் பிரச்சினை இல்லை. அழுத்த முள்ளை மட்டும் நம்பும் பழைய செங்குத்து ஆட்டோகிளேவ்கள்தான் இன்னும் பல இடங்களில் இருக்கின்றன. உயிருள்ள வைரஸை லிட்டர் கணக்கில் வளர்க்கப் போகும் ஆய்வகம் முதலில் சரிபார்க்க வேண்டியது இதை.

இவற்றையெல்லாம் சரிசெய்துவிடலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். செல்களை வாரம் தவறாமல் பிரித்து வளர்க்க ஆள் வேண்டும், பொங்கல் லீவிலும் வேண்டும். நாலைந்து மாதம் மட்டும் தேவைப்படும் சோதனைக்கு வருடம் முழுக்க இந்தப் பராமரிப்பு. புனேயில் உள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம் இதை அன்றாடம் செய்துகொண்டிருக்கும்போது மலையில் இன்னொன்று எதற்கு?

சீக்வென்சிங்கின் முதல் அனுகூலம், அதற்கு உயிருள்ள வைரஸ் தேவையில்லை. பிசிஆருக்குப் பிரித்தெடுத்த ஆர்என்ஏவே போதும். வைரஸை உடைத்துவிடும் லைசிஸ் திரவத்தில் சளியை விட்ட நிமிடமே வைரஸ் செத்துவிடும். பயோசேஃப்டி தலைவலி பெருமளவு அங்கேயே தீர்கிறது. ஃப்ளூவின் மரபணு எட்டுத் துண்டுகளாக இருக்கும், எல்லாம் சேர்த்து சுமார் 13,500 எழுத்து. ஏ வகை வைரஸ்கள் எல்லாவற்றிலும் ஒவ்வொரு துண்டின் இரு முனைகளிலும் 12, 13 எழுத்துகள் ஒரே மாதிரி இருக்கும். அந்த முனைகளைப் பிடிக்கும் பிரைமர் என்ற சின்ன டிஎன்ஏ துண்டுகளின் ஒரே ஜோடியால் எட்டுத் துண்டையும் ஒரே குழாயில் பெருக்கிவிடலாம், எச்1 ஆனாலும் எச்3 ஆனாலும். பி வகைக்குத் தனி பிரைமர். சாம்பிளில் வைரஸ் நிறைய இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பிசிஆர் எத்தனையாவது சுற்றில் வைரஸைக் கண்டது என்பதே சிடி மதிப்பு; வைரஸ் குறையக் குறைய அது ஏறும். அது 28, 30ஐத் தாண்டினால் நீளமான துண்டுகள் விட்டுப்போகும். ஹீமக்ளூட்டினின் துண்டு மட்டும் கிடைத்தாலும் நம் கேள்விக்குப் பாதி விடை வந்துவிடும்.

எந்த இயந்திரம்? இரண்டு விதமாகப் போகலாம். மேசை மேல் வைக்கும் பெரிய சீக்வென்சர் துல்லியமானது, ஆனால் ஒரு ஓட்டத்துக்கு நிறைய சாம்பிள் சேர்ந்தால்தான் கட்டுப்படியாகும். லேப்டாப்பில் சொருகும் நானோபோர் சின்னது, சாம்பிள் சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, ஓரெழுத்துப் பிழைகள் சற்று அதிகம் வரும். ஒரே இடத்தைப் பல நூறு முறை படிப்பதால் ஃப்ளூவுக்கு அது பெரிய குறையில்லை. மலைக்கு நானோபோர். இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. ஆய்வக மின்கருவிகளின் பாதுகாப்புத் தரநிலை சாதாரணமாக 2,000 மீட்டர் உயரம் வரைக்கும்தான் எழுதப்பட்டிருக்கும். குன்னூர் சுமார் 1,850 மீட்டர், தப்பித்தது. ஊட்டி தப்பவில்லை. எதை வாங்கினாலும் ‘இந்த உயரத்தில் ஓடும், வாரன்டி உண்டு’ என்று டெண்டரிலேயே எழுதி வாங்க வேண்டும். பிறகு கேட்டால் கம்பெனிக்காரர் கையேட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டுவார்.

வரிசை கையில் வந்ததும் நெக்ஸ்ட்கிளேடு போன்ற இலவசக் கருவியில் போட்டால் எந்தக் கிளையைச் சேர்ந்தது, தடுப்பூசி ரகத்திலிருந்து எத்தனை அமினோ அமிலம் மாறியிருக்கிறது என்று நிமிடத்தில் தெரியும். எத்தனை என்பதைவிட எங்கே என்பதுதான் முக்கியம். 1968 முதல் 2003 வரை எச்3என்2 தன் முகத்தை மாற்றிக்கொண்ட பெரிய திருப்பங்கள் எல்லாம் ஹீமக்ளூட்டினினின் பிடிமானக் குழியைச் சுற்றியுள்ள வெறும் ஏழு அமினோ அமில இடங்களுக்குள் நடந்தவை என்று 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது: 145, 155, 156, 158, 159, 189, 193. பல திருப்பங்களுக்கு ஒரே ஒரு மாற்றம் போதுமாக இருந்தது. வேறெங்கோ பத்து மாற்றம் இருந்தும் சீரம் கண்டுகொள்ளலாம். 145இல் ஒன்று மாறி சீரம் கைவிரிக்கலாம். ஆகவே பட்டியலைப் பார்க்கும் மருத்துவர் முதலில் இந்த இடங்களைத் தேட வேண்டும். அடுத்து, 158 முதல் 160 வரையிலான பகுதியில் சர்க்கரைச் சங்கிலி ஒட்ட இடம் உருவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2014க்குப் பிறகு எச்3என்2 அங்கே ஒரு சர்க்கரைப் போர்வையைப் போர்த்திக்கொண்டது. முட்டையில் வளர்த்த தடுப்பூசி வைரஸ் அந்தப் போர்வையைக் கழற்றிவிட்டது. ஊசி ஒரு முகத்தைக் காட்ட, ஊரில் சுற்றியது வேறு முகம். இதை முதலில் காட்டிக்கொடுப்பது வரிசைதான்.

வரிசை மட்டுமே சொல்லக்கூடிய விஷயங்களும் உண்டு. 1977இல் எச்1என்1 இருபது வருட இடைவெளிக்குப் பிறகு திரும்பி வந்தது. எச்ஐ ‘இது பழைய எச்1என்1 போல இருக்கிறது’ என்றது. அன்றைக்குக் கிடைத்த ஆர்என்ஏ கைரேகை முறையில் மொத்த மரபணுவையும் பார்த்தபோதுதான் அது 1950 வாக்கில் சுற்றிய வைரஸோடு ஏறக்குறைய அச்சு அசலாக ஒத்துப்போவது தெரிந்தது. மனிதரிடையே இருபது வருடம் சுற்றிய வைரஸ் அப்படி மாறாமல் இருக்காது; எங்கோ ஃப்ரீசரிலிருந்து வெளியே வந்திருக்க வேண்டும் என்ற பேச்சு அதிலிருந்துதான் கிளம்பியது. ஒசெல்டமிவிருக்கு அடங்காத எச்1என்1ஐயும் எச்275ஒய் என்ற ஒரே மாற்றத்தை வைத்து வரிசையிலேயே பிடித்துவிடலாம். நொதிச் சோதனை பிறகு உறுதி செய்தால் போதும்.

நீலகிரியின் பருவக் கணக்கும் சீக்வென்சிங் பக்கமே சாய்கிறது. டெல்லியிலும் புனேயிலும் ஃப்ளூ தென்மேற்குப் பருவமழையோடு உச்சம் தொடும். சென்னை, வேலூர் தரவுகளில் உச்சம் அக்டோபர், நவம்பரில். அடுத்த குளிர்காலத் தடுப்பூசியில் எந்த ரகத்தை வைப்பது என்று உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் கூடி முடிவு செய்கிறது. இடையில் இருப்பது மூன்று மாதம். அந்த மூன்று மாதத்தில்தான் வடகிழக்குப் பருவமழை மேட்டுப்பாளையம் சாலையில் பர்லியாறு பக்கம் மண்ணைச் சரிக்கும். பன்றிக் காய்ச்சல் வருடமான 2009இல் நவம்பர் மழை மலையை எப்படி உலுக்கியது என்பது இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். உயிருள்ள வைரஸ் சாம்பிள் 2 முதல் 8 டிகிரியில் மூன்று நாள் தாங்கும்; அதற்கு மேல் மைனஸ் 70 வேண்டும். மைனஸ் 20இல் வைத்தால் பத்திரமாக இருக்கிறது என்று தோன்றும், வைரஸ் செத்துக்கொண்டிருக்கும். சாலை அடைத்து, கரண்டும் போன வாரத்தில் செல் கல்ச்சரை நம்பியிருக்கும் ஆய்வகம் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். லைசிஸ் திரவத்தில் போட்ட சாம்பிளுக்கு அந்தப் பதற்றம் இல்லை. வரிசையை, உலக ஆய்வகங்கள் பகிர்ந்துகொள்ளும் ஜிசெய்ட் தரவுத்தளத்தில் ஏற்ற சாலை தேவையில்லை.

வரைபட முறை என்று ஒன்று உண்டு. எச்ஐ டைட்டர்களை எல்லாம் தூரமாக மாற்றி, வைரஸ்களை ஒரு தாளில் புள்ளிகளாக வைப்பது, 2004இல் பிரபலமானது. அழகானது. பத்து, இருபது சீரம் இல்லாத இடத்தில் அது வெறும் படம்தான்.

பறவைக் காய்ச்சல் விஷயத்தில் ஒப்பீடே கிடையாது, தடைதான். 2014, 2021, 2024 என்று கேரளத்தில் பறவைக் காய்ச்சல் வரும்போதெல்லாம் நாடுகாணி, சோலாடி, தாளூர், பாட்டவயல், கக்கநல்லா சோதனைச்சாவடிகளில் கோழி வண்டிகளைத் திருப்பி அனுப்புவார்கள், டயருக்கு மருந்து அடிப்பார்கள். அந்த நேரத்தில் யாராவது செத்த காக்கையைப் பையில் போட்டுக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்தால் பையைத் திறக்காமல் கால்நடைத் துறைக்குச் சொல்ல வேண்டும். அது போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு விலங்குநோய் ஆய்வகத்தின் வேலை. மனித சாம்பிளில் கவனிக்க வேண்டியது வேறு. ‘இன்ஃப்ளூயன்சா ஏ’ பலமாகப் பாசிட்டிவ், எச்1 இல்லை, எச்3யும் இல்லை என்று வந்தால் நானோபோரைச் சொருகி ஆர்வத்தைத் தீர்த்துக்கொள்ளும் நேரமல்ல அது. வளர்க்கக்கூடாது, பிளேட்டில் போடக்கூடாது. மாவட்ட சுகாதார அலுவலருக்கு அன்றைக்கே தகவல், சாம்பிள் புனேவுக்கு.

நடைமுறையில் முதல் பருவம் இப்படிப் போகலாம். பிசிஆரில் பாசிட்டிவ் வந்தவற்றில் சிடி குறைவானதாக, பருவத்தின் தொடக்கம், நடு, கடைசி மூன்றிலிருந்தும், கூடலூர், ஊட்டி, கோத்தகிரி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் பொறுக்க வேண்டும். தடுப்பூசி போட்டும் படுத்துவிட்டவர், மருந்துக்குக் கேட்காதவர், ஐசியூவுக்குப் போனவர் கட்டாயம் இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் இரண்டு குழாயாகப் பிரித்து, ஒன்று லைசிஸ் திரவத்தில் சீக்வென்சிங்குக்கு, இன்னொன்று தொடாமல் மைனஸ் 80க்கு. வரிசையைப் பார்த்து, அந்த ஏழு இடங்களிலோ சர்க்கரை ஒட்டும் இடத்திலோ மாற்றம் தெரிந்தவற்றின் இரண்டாவது குழாயை, துணைக்கு மாறாத இரண்டோடு, உலர்பனிக்கட்டியில் புனேவுக்கு அனுப்ப வேண்டும். அங்கே வளர்த்த வைரஸின் வரிசையையும் கேட்டு வாங்கி நம்முடையதோடு ஒப்பிட வேண்டும். வளர்ப்பில் மாறிப்போனதை ஊரில் மாறியதாக எழுதிவிடக்கூடாது. செலவுத் திட்டத்தில் சீக்வென்சரை விட முன்னால் நிற்க வேண்டியது அந்த மைனஸ் 80 ஃப்ரீசரும் அதற்கான ஜெனரேட்டரும்.

எச்ஐ இரண்டாவது பருவத்துக்கு வரலாம், எச்1என்1க்கும் பி வகையின் விக்டோரியா கிளைக்கும் மட்டும். ரத்த வங்கியின் ஓ பிரிவுச் சிவப்பணு, அடி உருண்ட பிளேட், ஒரு ஹீட்டர், பிளேட்டைப் படிக்கக் கண் பழகிய ஒருவர், அவர் லீவு போட்டால் படிக்க இன்னொருவர். சீரம் பட்டியல் அனுப்பும்போது பழைய பழக்கத்தில் பி வகையின் இன்னொரு கிளையான யமகட்டாவையும் சேர்க்கச் சொல்வார்கள். 2020 மார்ச்சுக்குப் பிறகு அந்த ரகம் இயற்கையில் சுற்றுவதாக உறுதியான ஒரு சான்றும் இல்லை, தடுப்பூசியிலிருந்தே அதை எடுக்கச் சொல்லியாகிவிட்டது. அந்தப் பணத்துக்கு ஆர்டிஇ நொதி இன்னொரு பாட்டில் வாங்கலாம்.